சங்கிலிக் கணக்கு: திருகோணமலையில் ஒரு பழைய களஞ்சியத்தைப் பொறுப்பேற்ற அனுபவம்

அரச களஞ்சியம் ஒன்றைப் பொறுப்பேற்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருகோணமலையில் வீதி, கட்டட வேலைகளுக்குச் சாமான் வழங்கும் ஒரு பழைய களஞ்சியத்துக்குக் காப்பாளராக நான் போய்ச் சேர்ந்தபோது, எனக்கு முன்பிருந்தவர் ஓய்வுபெறும் நாள் நெருங்கியிருந்தது. கையளிப்புப் பட்டியல் ஏற்கெனவே தட்டச்சாகி, என் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. "எல்லாம் சரியாக இருக்கிறது தங்கச்சி. எண்ணத் தொடங்கினால் வருடம் முடிந்துவிடும்" என்று அலுவலகத்தில் பலரும் சொன்னார்கள். எண்ணி, அளந்து, நிறுத்துப் பார்க்காமல் பொறுப்பேற்க மாட்டேன் என்று எழுத்திலேயே கொடுத்தேன்.

அது பிடிவாதமில்லை. காசையும் சாமானையும் கையாளும் உத்தியோகத்தர் பிணை வைக்க வேண்டும் என்பது வெள்ளைக்காரர் காலத்துக் கட்டளைச் சட்டம். அது இன்றும் நம் தலைக்கு மேல் நிற்கிறது. பட்டியலில் கையெழுத்து விழுந்த நிமிடத்திலிருந்து, அதில் எழுதியிருப்பது களஞ்சியத்தில் இல்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் புதியவர்தான். பழையவர் ஊருக்குப் போய்விடுவார்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் இதற்குள் புகுந்து வெளியே வர முடியும். பிரித்தானியர் திருகோணமலைக் கோட்டையை 1795இல் பிடித்தார்கள். 1799இல் சிசில் ஸ்மித் என்பவரை இலங்கையின் கணக்காய்வாளராக நியமித்துவிட்டார்கள். ஆட்சி காலூன்றுவதற்கு முன்பே கணக்கு வந்துவிட்டது. பிறகு வீதிகளும் பாலங்களும் பெருகப் பெருக, இரும்பு, தார், சீமெந்து, கருவிகள் எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. லண்டனில் இருந்த கிரவுன் ஏஜென்ட்ஸ் அலுவலகம்தான் 1833 முதல் குடியேற்ற நாடுகளுக்கான கொள்வனவைக் கவனித்தது. சாமான் வாங்கும்போதே இன்ன வேலைக்கு என்று தெரிந்தால், அந்த வேலையின் ஒதுக்கீட்டில் செலவெழுதுவார்கள். தெரியாவிட்டால் முற்பணக் கணக்கில் வைத்திருந்து, வழங்கும் நாளில் உரிய வேலையின் பெயரில் எழுதுவார்கள். அதனால் பேரேட்டில் ஒவ்வொரு வழங்கலுக்கும் எதிரே வேலையின் பெயர் இருந்தே ஆக வேண்டும். பெறுமதியைக் கணக்குக் கிளை பார்க்கும், அளவைக் காப்பாளர் பார்ப்பார். இரண்டும் ஒருவர் கையில் இருக்கக் கூடாது.

நான் மதிக்கும் ஒழுங்கு அது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதே அரசுதான் 1848இல் வீதிக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்து, 18 வயது முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது. ஒரு பிக்காசு காணாமல் போனால் விசாரணை வைத்த அரசு, நம் பாட்டன்மாரின் உழைப்பைக் கூலியில்லாமல் எடுத்தது. பழைய பேரேடுகளைப் புரட்டும்போது இந்த எண்ணம் என்னை விட்டுப் போகவேயில்லை.

எண்ணும் வேலை தொடங்கியது. மண்வெட்டி, அலவாங்கு, தாச்சி, கம்பிச் சுருள் எல்லாம் சிறு வித்தியாசங்களோடு ஒத்துப்போயின. அலவாங்குகளில் சிலவற்றில் பிரித்தானிய அரச உடைமைக்கு இடும் அம்புக்குறி இன்னும் தெளிவாக இருந்தது. கடற்காற்றில் துருவேறியும் அந்த மூன்று கோடுகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. கடற்படைத் தளம் 1957இல் நம் கைக்கு வந்தது. அதற்குப் பிறகும் அந்தக் கருவிகள் வேலை செய்திருக்கின்றன.

சிக்கல் சங்கிலியில் வந்தது. பட்டியலில் "இரும்புச் சங்கிலி, அரை அங்குலம், 270 கிலோ" என்று இருந்தது. மூலையில் கிடந்த குவியலை இழுத்துப் போட்டு நிறுத்தோம். 48 கிலோகூடத் தேறவில்லை. ஆண்டுதோறும் கணக்கெடுப்புச் சபை வந்து அந்தக் குவியலைப் பார்த்து, சரி என்று அடையாளமிட்டுவிட்டுப் போயிருக்கிறது. தராசில் ஏற்றியதாக ஒரு குறிப்பும் இல்லை. ஓய்வுபெறவிருந்த ஐயா அன்று மதியச் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கவேயில்லை. இருநூறு கிலோவுக்கு மேல் இரும்பு குறைந்தால் இன்றைய விலையில் என்ன தொகை வரும், பணிக்கொடையில் எவ்வளவு வெட்டுவார்கள் என்று அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். "மகள், நான் இந்தச் சங்கிலியைத் தொட்டதேயில்லை" என்றார். அவர் சொன்னதை நான் நம்பினேன். ஆனால் நம்பிக்கையைக் கோப்பில் இணைக்க முடியாது.

இழப்பு என்று தெரிந்தவுடன் செய்ய வேண்டியது என்ன என்பது நிதிப் பிரமாணங்களில் தெளிவாக இருக்கிறது. 104ஆம் பிரமாணத்தின்படி ஏழு நாட்களுக்குள் பூர்வாங்க அறிக்கை போக வேண்டும், மூன்று மாதங்களுக்குள் முழு அறிக்கை. பேசாமல் இருங்கள், அடுத்த கணக்கெடுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். கேட்காதீர்கள். பூர்வாங்க அறிக்கையை உடனே அனுப்பினோம். "திருட்டு" என்ற சொல்லை அதில் சேர்க்க நான் இடம் கொடுக்கவில்லை. "பேரேட்டு மீதிக்கும் கையிருப்புக்கும் வித்தியாசம்" என்று மட்டும் எழுதினோம். அந்த ஒரு வரி பின்னால் பெரிதாக உதவியது.

இனி 270 கிலோ என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். ஒரு பேரேட்டிலிருந்து அதற்கு முந்தியதற்கு, அதிலிருந்து இன்னும் முந்தியதற்கு என்று பின்னோக்கிப் போனேன். மெட்ரிக் முறைக்கு மாறியபோது 595 இறாத்தலை 270 கிலோவாக மாற்றியிருந்தார்கள். அந்தக் கணக்கு சரி. அதற்கு முன்னைய பேரேடு முழுவதும் 595 இறாத்தல் அப்படியே முன்கொண்டுவரப்பட்டிருந்தது. அதற்கும் முந்தியது பி.டபிள்யூ.டி. என்ற பொது வேலைத் திணைக்களக் காலத்துத் தோல் அட்டைப் பேரேடு, உலகப் போருக்கு முந்தியது. இரும்பு அலுமாரியின் அடித்தட்டில் இருந்தது. ஓரங்களைக் கறையான் தின்றிருந்தாலும் எழுத்து கலையவில்லை.

அந்தப் பக்கத்தில் இரண்டே பதிவுகள். வரவு: 5 அந்தர், 2 கால் அந்தர், 14 இறாத்தல். வழங்கல்: கிண்ணியாப் பாதைக்கு, 35. அவ்வளவுதான். கிழக்குக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே பாதை என்றால் ஆற்றையும் களப்பையும் கடக்க வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவை. கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை அதுதான் வழி.

ஒரு அந்தர் 112 இறாத்தல், கால் அந்தர் 28. ஆகவே வரவு 560, 56, 14 சேர்ந்து 630 இறாத்தல். அதில் 35 கழித்தால் 595. பிறகு வந்தவர்கள் இப்படித்தான் கழித்திருக்கிறார்கள். கூட்டல் கழித்தலில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த 35 எழுதப்பட்டிருந்தது இறாத்தல் நிரலில். அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி நான் நெடுநேரம் இருந்தேன். இறாத்தல் நிரலில் 27க்கு மேல் எந்த எண்ணும் வர முடியாது. 28 ஆனவுடன் அது கால் அந்தராகி அடுத்த நிரலுக்குப் போய்விடும். 35 இறாத்தல் என்றால் 1 கால் அந்தர் 7 இறாத்தல் என்றுதான் எழுத வேண்டும். அதே இலிகிதரின் மற்றப் பக்கங்களைப் புரட்டினேன். ஆணி, கம்பி, ஈயம் எதிலும் அவர் அந்த ஒழுங்கை மீறவில்லை. அப்படிப்பட்டவர் அந்த நிரலில் 35 என்று எழுதினால், அது இறாத்தலாக இருக்க முடியாது.

அப்படியானால் 35 என்ன? பாதையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு நானாவைத் தேடிக் கிண்ணியாவுக்குப் போனேன். அவருடைய வாப்பாவும் அதே பாதையில் இருந்தவர். சங்கிலியை எப்படிக் கொடுப்பார்கள் என்று கேட்டதும் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். "பாகத்தால் அளந்துதான் மகள் வெட்டிக் கொடுப்பார்கள். துறையில் பாதையைக் கட்டுவதற்கு எத்தனை பாகம் வேண்டும் என்றுதான் கேட்போம். சங்கிலியை யார் நிறுத்துக் கேட்பார்கள்?"

ஒரு பாகம் ஆறு அடி. களஞ்சியத்துக்குத் திரும்பி, துரு குறைந்த பகுதியில் சரியாக ஆறு அடி அளந்து, அந்த நீளத்தை மட்டும் தராசில் ஏற்றினோம். 6.8 கிலோ, அதாவது 15 இறாத்தல். 630ஐ 15ஆல் பிரித்தால் 42 பாகம். அதில் 35 பாகம் பாதைக்குப் போனால் மிச்சம் 7 பாகம். குவியலை முற்றத்தில் நீட்டி, நாடாவைப் பிடித்து அளந்தோம். 42 அடி. ஏழு பாகம்! ஐயா நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தார். எண்ணை நான் சத்தமாக வாசித்தபோது, இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். அளந்தோம், அதே 42.

விலைப்பட்டியலில் சங்கிலிக்கு விலை அந்தர்க் கணக்கில் இருந்திருக்கும், அதனால் வரவு நிறையில். துறையில் தேவை நீளம், அதனால் வழங்கல் பாகத்தில். இரண்டுக்கும் நடுவே அலகை எழுதாமல் விட்ட ஒரு இடம். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் நேர்மையாக அந்த எண்ணை முன்கொண்டுவந்திருக்கிறார்கள். பழைய களஞ்சியக் கணக்குகளில் பெரிய குறைவு ஒன்றைக் கண்டால், ஆட்களைச் சந்தேகிப்பதற்கு முன் வாங்கிய அலகையும் வழங்கிய அலகையும் பாருங்கள் என்று நான் இன்று யாரிடமும் சொல்வேன். இரும்புக் கம்பி தொன்னில் வந்து நீளத்தில் போகும். தார் பீப்பாவில் வந்து கலனில் போகும். எத்தனை காப்பாளர்கள் இப்படிச் செய்யாத குற்றத்துக்குச் சம்பளத்தில் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

முழு அறிக்கைக்குப் பழைய பக்கத்தின் நிழற்படப் பிரதி, ஆறு அடியை நிறுத்த தராசுக் குறிப்பு, அளவீட்டில் பொறியியலாளரின் ஒப்பம், நானாவின் கையெழுத்திட்ட கூற்று ஆகிய நான்கையும் இணைத்தோம். நானாவின் கூற்று தேவையில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அது இல்லாவிட்டால் 35 என்பது பாகம்தான் என்பதற்கு மனிதச் சான்று ஒன்றும் இருக்காது என்று வாதாடிச் சேர்த்தேன். பதிவழிப்புக்கு, அதாவது இழந்த சாமானைக் கணக்கிலிருந்து நீக்குவதற்கு, நாங்கள் கேட்கவில்லை, இதையும் கவனியுங்கள். பதிவழிப்பு என்றால் இழப்பு நடந்தது என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். பேரேட்டுத் திருத்தத்துக்குத்தான் அனுமதி கேட்டோம். கணக்காய்விலிருந்து ஒரு ஐயவினா வந்தது: பாதைக்குப் போன 35 பாகம் எங்கே? அது வழங்கப்பட்ட அன்றே வேலையின் பெயரில் செலவெழுதப்பட்டுவிட்டது, களஞ்சிய இருப்பில் இல்லை என்று அதே பக்கத்தைக் காட்டிப் பதில் எழுதினோம். திருத்தம் அனுமதிக்கப்பட்டது.

ஐயாவின் பணிக்கொடைக் கோப்பு வெட்டு எதுவும் இல்லாமல் கொழும்புக்குப் போனது. நான் பொறுப்பேற்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். சங்கிலியின் அட்டையில் இப்போது நீளம், நிறை இரண்டும் அலகோடு இருக்கின்றன.

கூரைத் தகரக் கணக்கு மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதுவும் அந்தரில் வந்து தகடு எண்ணிக்கையில் போனதுதான். ஆனால் வெவ்வேறு கனத் தகடுகளை ஒரே பக்கத்தில் எழுதிவிட்டதால், ஒன்றை நிறுத்து மற்றவற்றைக் கணிக்க முடியவில்லை. மிஞ்சியிருக்கும் தகடுகளைக் கனம் வாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறோம்.