ஸ்போகேனின் சின்னக் கல்லூரி

2021 ஏப்ரலில் ஒரு ஞாயிறு விடியற்காலை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசிய அரையிறுதி. கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் கொன்சாகாவின் ஜேலன் சக்ஸ் பாதி மைதானத்துக்கு அருகிலிருந்து எறிந்த பந்து பலகையில் பட்டு வளையத்துக்குள் விழுந்தது. எதிரணியான யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம்) தோற்றது, 93-90. கத்தியதில் வீடே எழுந்துவிட்டது. அன்றிலிருந்து கொன்சாகா எனக்குச் சொந்த ஊர் அணி மாதிரி.

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், ஸ்போகேனில் இருக்கும் இயேசு சபைக் கல்லூரி அது. அமெரிக்கக் கால்பந்து அணியை 1941க்குப் பிறகு வைத்துக்கொள்ளவே இல்லை. அரங்கில் 6,000 இருக்கைகள்தான். 1999 தேசியப் போட்டித்தொடரில் யாரும் எதிர்பாராமல் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தது. பயிற்சியாளர் டான் மான்சன் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். துணைப் பயிற்சியாளராக இருந்த மார்க் ஃபியூ பொறுப்பேற்றார். அவர் எங்கும் போகவில்லை. எல்லாவற்றுக்கும் இதுதான் வேர் என்று நினைக்கிறேன்.

அப்புறம், பொறுமை. கெல்லி ஒலினிக் இரண்டு பருவம் ஆடிய பிறகு ஒரு வருடம் முழுக்கப் போட்டியில் இறங்காமல் உடலையும் ஆட்டத்தையும் வளர்த்துக்கொண்டார். திரும்பி வந்த 2012-13 பருவத்தில்தான் கொன்சாகா முதன்முறையாகத் தேசியத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. ஆட்களைத் தேடி அப்போதைய துணைப் பயிற்சியாளர் டாமி லாய்ட் கடல் கடந்து போனார். லிதுவேனியாவின் சபோனிஸ், ஜப்பானின் ருய் ஹாச்சிமுரா எல்லாம் அப்படி வந்தவர்கள்.

2017, 2021 இரண்டு இறுதிப் போட்டிகளிலும் தோல்வி. 2021இல் பெய்லர் பல்கலைக்கழகத்திடம் தோற்ற அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பருவத்தில் அதுவரை 31 ஆட்டம், ஒன்றில்கூடத் தோற்கவில்லையே!