மால்மோவில் 2 நாள், 11 மேசை

ஒரு மருந்துத் துறை மாநாட்டில் 31 பேரைச் சந்திக்கக் கேட்டிருந்தேன். 11 பேர் சரி என்றார்கள். 4 பேர் முடியாது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். மிச்ச 16 பேரிடமிருந்து பதிலே இல்லை. முதல் தடவை போகிறவனுக்கு இது நல்ல கணக்குதான் என்றார், இந்த மாதிரி மாநாடுகளுக்குப் பல வருடமாகப் போய் வரும் நண்பர்.

மாநாட்டின் பெயர் நார்டிக் லைஃப் சயின்ஸ் டேஸ். ஸ்வீடன், டென்மார்க், நார்வே, ஃபின்லாந்து, ஐஸ்லாந்து நாடுகளின் மருந்து, பயோடெக் துறை ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுவது. ஸ்வீடன்பயோ என்ற தொழில் அமைப்பு நடத்துகிறது. ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும்; நான் போன 2024 செப்டம்பரில் ஸ்வீடனின் மால்மோ. எங்களுடையது சின்னக் கம்பெனி. புரத மருந்துகளை உறைய வைத்து உலர்த்தி, ஃபிரிட்ஜ் இல்லாமலே கெடாமல் வைக்கும் ஒரு முறை கைவசம் இருக்கிறது. அதை லைசென்ஸுக்கு எடுக்க ஆள் தேடித்தான் போனேன்.

மால்மோவுக்குப் போக இறங்க வேண்டியது டென்மார்க்கின் கோபன்ஹேகன் விமான நிலையத்தில். அங்கிருந்து ரயில். முதலில் கடலுக்கடியில் சுமார் 4 கிலோமீட்டர் சுரங்கம், அப்புறம் ஒரு செயற்கைத் தீவு, அதன் பிறகு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளப் பாலம். கார்கள் மேல்தளத்தில், ரயில் கீழ்த்தளத்தில். 2000-ஆம் ஆண்டு ஜூலையில் திறந்தார்கள். அந்தத் தீவுக்குப் பெப்பர்ஹோல்ம், அதாவது மிளகுத் தீவு என்று பெயர். பக்கத்தில் ஏற்கெனவே சால்ட்ஹோல்ம், உப்புத் தீவு இருந்ததால் இதற்கு மிளகு. மனிதர் யாரும் எதையும் நடாமல், காற்றும் பறவையும் கொண்டுவந்த விதையில் என்ன முளைக்கிறது என்று பார்ப்பதற்காகவே தீவை விட்டுவைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களைத் தவிர மற்றவர்கள் கால்வைக்க முடியாது. ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், அதுவும் கொஞ்ச நேரம்தான்.

பாலம் தாண்டியதும் ஹில்லியே நிலையம். போலீஸார் பெட்டிக்குள் ஏறி பாஸ்போர்ட் பார்த்தார்கள். மாநாட்டு அரங்கம் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. குளிரில் நடக்க வேண்டுமே என்று வாங்கிய கனத்த கோட்டு இரண்டு நாளும் என் கையிலேயே கிடந்தது.

மாநாடு என்றால் மேடை, மைக், பேச்சு என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். மேடை இருந்தது. பேச்சும் நடந்தது. பாதி நாற்காலி காலி. கூட்டமெல்லாம் பக்கத்து ஹாலில், எண் போட்ட குட்டிக் குட்டி மேசைகளில். ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு பக்கம், அரை மணிக்கும் குறைவான நேரம். முடிந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து அடுத்த மேசையைத் தேடி ஓடுகிறார்கள். யாருக்கு யாரோடு எந்த மேசை என்பதை மென்பொருள் முன்பே முடிவு செய்துவிடுகிறது. கல்யாணத் தரகரைப் போலத்தான், ஜாதகத்துக்குப் பதிலாகக் கம்பெனிச் சுருக்கம்.

முதல் மேசையில் ஒரு நடுத்தர வயது ஸ்வீடன்காரப் பெண்மணி. நான் லேப்டாப்பைத் திறந்தேன். 34 ஸ்லைடு வைத்திருந்தேன். மூன்றாவது ஸ்லைடில் அவர் கையை நீட்டி, கோபமெல்லாம் இல்லாமல், திரையை மெதுவாகப் பாதி மூடினார். "இது நன்றாக இருக்கிறது. எங்களிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. பணமா, ஆளா, மருந்து மூலக்கூறா, பெயரா? இரண்டு மாதம் ஸ்லைடு தயாரித்தவன் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தயாரிக்கவில்லை. ஏதோ உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தங்கள் மருந்துகள் எல்லாம் மாத்திரைகள், உலர்த்தும் தேவையே இல்லை என்றார். அதை ஏழாவது நிமிடத்தில் சொல்லிவிட்டார். மிச்ச நேரத்தில் யாரைப் பார்க்கலாம் என்று இரண்டு பெயர் எழுதிக் கொடுத்தார். "இல்லை" என்பதை இவ்வளவு சீக்கிரமாகவும் உபயோகமாகவும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நம்மிடம் "பார்க்கலாம் சார்" என்று சொல்லி ஆறு மாதம் இழுத்தவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

இந்தப் பகுதியின் பெரிய தொழில் ஒன்று பிறந்ததும் இப்படிப் போய்க் கேட்டதில்தான். கோபன்ஹேகன் பேராசிரியர் ஆகஸ்ட் க்ரோக் 1920-லேயே நோபல் பரிசு வாங்கியவர். 1922-ல் அமெரிக்காவுக்குச் சொற்பொழிவாற்றப் போனார். மனைவி மாரி ஒரு டாக்டர். அவருக்கே சர்க்கரை நோய். கனடாவின் டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடித்திருந்த சமயம். க்ரோக் நவம்பரில் அங்கே போய், அந்த ஆராய்ச்சி நடந்த ஆய்வகத்தின் தலைவர் மக்லியோடைச் சந்தித்து, ஸ்காண்டிநேவியாவில் இன்சுலின் தயாரிக்க அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பினார். டிசம்பர் முடிவதற்குள் ஹாகடோர்ன் என்ற டாக்டரோடு சேர்ந்து மாட்டுக் கணையத்திலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்தாயிற்று. செலவுக்குப் பணம் போட்டவர் கோங்ஸ்டெட் என்ற மருந்துக் கம்பெனிக்காரர். அவர் கேட்டது ஒன்றே: மருந்துக்கு "இன்சுலின் லியோ" என்று தன் கம்பெனியின் சிங்கப் பெயரை வைக்க வேண்டும். 1923-ல் நார்டிஸ்க் நிறுவனம் வந்தது. 1925-ல் அதிலிருந்து பிரிந்துபோன அண்ணன் தம்பி இருவர் நோவோவை ஆரம்பித்தார்கள். அறுபது வருடத்துக்கும் மேல் போட்டி போட்டுவிட்டு 1989-ல் இரண்டும் ஒன்றாயின. வீட்டு ஃபிரிட்ஜில் என்.பி.எச். இன்சுலின் வைத்திருப்பவர்கள் பெட்டியைப் பாருங்கள். அந்த எச், ஹாகடோர்னுடைய எச். மீன் விந்திலிருந்து எடுத்த புரோட்டமைனைச் சேர்த்து இன்சுலினை உடம்பில் மெதுவாக வேலை செய்ய வைத்தவர் அவர்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எழுதிக் கொடுத்த இரண்டு பெயரில் ஒருவரைக் காபி வரிசையில் பிடித்தேன். வெள்ளைத் தாடிக்காரர், ஃபின்லாந்து. நின்றபடியே என் ஒரு பக்கத் தாளைப் படித்தார். இந்தத் தடவை லேப்டாப்பைத் தொடவே இல்லை நான். உலர்த்திய மருந்து கெடுகிறதா என்று எத்தனை டிகிரியில் வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டார். 25 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்றேன். அதோடு 40 டிகிரியில் ஆறு மாதம் வைத்த துரித சோதனையும் இருக்கிறது என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"30 டிகிரி, 75 சதவீதம்?"

வெப்பமும் ஈரமும் அதிகமுள்ள நாடுகளுக்கென்றே உள்ள அளவு அது. ஃபிரிட்ஜ் இல்லாமல் மருந்து வேண்டும் என்பதே அந்த நாடுகளுக்காகத்தானே. எங்களிடம் இல்லை. வருடத்தில் பாதி நாள் பனி பார்க்கும் ஊர்க்காரர், வேர்வையில் பிறந்து வளர்ந்தவனிடம் இதைக் கேட்கிறார். "அதை அனுப்புங்கள், பேசுவோம்" என்று அட்டையைக் கொடுத்துவிட்டு வரிசையில் நகர்ந்துவிட்டார். எல்லாம் சேர்த்து நாலு நிமிடம் இருக்கும். முறைப்படி நடந்த 11 மேசைச் சந்திப்பில் இந்த அளவு எனக்கு உறைத்தது வேறு எதுவும் இல்லை. இரண்டு முதலீட்டாளர்கள் கைகுலுக்கிவிட்டு மறந்திருப்பார்கள். ஒருவர் வரவே இல்லை. காலியான நாற்காலியோடு உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன்.

இரண்டாம் நாள் மதியம் சந்திப்பு எதுவும் இல்லாததால் ரயிலேறி மால்மோ சென்ட்ரல் போய், அங்கிருந்து பழைய துறைமுகப் பக்கம் நடந்தேன். 190 மீட்டர் உயரத்தில், ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறது டர்னிங் டார்சோ கட்டடம். இங்கே முன்பு கொக்கும்ஸ் கப்பல் கட்டும் தளம் இருந்தது. அதன் ராட்சதக் கிரேனை ஒரு டாலர் விலைக்குத் தென்கொரிய ஹூண்டாய் வாங்கி, 2002-ல் பிரித்துக் கொண்டுபோய்விட்டது. நான் தேடிப் போனது கட்டடத்தை அல்ல, அந்தத் தளம் இருந்த இடத்தை. 1953-ல் பக்கத்து ஊரான லுண்டிலிருந்து எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், இரும்பில் விரிசல் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்றை இந்தத் தளத்தில் இரவல் வாங்கினார்கள். அதை மனித நெஞ்சின் மேல் வைத்துப் பார்த்தார்கள். இன்று ஆஸ்பத்திரியில் "எக்கோ எடுத்துட்டு வாங்க" என்கிறார்களே, அதன் ஆரம்பம் இங்கேதான். பலகை ஏதாவது இருக்குமா என்று அரை மணி நேரம் சுற்றினேன். என் கண்ணில் படவில்லை. காற்று மட்டும் ஆளைத் தள்ளியது. கோட்டைக் கடைசியில் போட்டேன்.

திரும்பும் ரயில் மிளகுத் தீவைத் தாண்டும்போது எங்கள் லேபுக்குச் செய்தி அனுப்பினேன்: 30 டிகிரி, 75 சதவீதத்தில் 20 மருந்துக் குப்பி உடனே வைக்க வேண்டும், ஸ்டெபிலிட்டி சேம்பர் காலியாக இருக்கிறதா? (சொன்ன வெப்பத்தையும் ஈரத்தையும் மாறாமல் வைத்திருக்கும் பெட்டி அது.)

சுரங்கத்துக்குள் நுழையும் முன் பதில் வந்தது. "சேம்பர் எதுக்கு சார், ஏசியை நிறுத்திட்டு ஜன்னலைத் திறந்து வைக்கட்டுமா?"