ஃப்யூசர் போகவில்லை, பேப்பர்தான் சரியில்லை: லீகல் தாளோடு பட்ட பாடு

லேசர் பிரிண்டரில் டோனர் என்னும் மைத்தூளைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் பகுதிதான் ஃப்யூசர். தாள் சிக்குகிறது, எழுத்து வெளுக்கிறது என்றதும் அதை மாற்றச் சொன்னார் சர்வீஸ்காரர். மாற்றவில்லை. அதே பிரிண்டர் இப்போது சிக்கல் இல்லாமல் ஓடுகிறது. கோளாறு முழுக்கப் பேப்பரில்தான் இருந்தது. ஐப்பசி மழை, டெண்டர் போடக் கடைசி நாள் நெருங்குகிறது, ஏ4-ஐவிட நீளமான லீகல் தாளில் இருபுறமும் அடித்தாக வேண்டும். ஈரோட்டில் இந்த வேலைக்காகப் பட்ட பாடு இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும் அடிப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

முதல் கோணல் கடையில். லீகலில் கம்பெனி ரீம் (500 தாள் கட்டு) தீர்ந்துவிட்டது என்று பழுப்புத் தாளில் சுற்றிய கட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். "75 ஜிஎஸ்எம்தானுங்க, எல்லா ஆபீசுக்கும் இதுதானுங்க போகுது" என்றார் கடைக்காரர். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. உள்ளே இருந்தது காப்பியர் பேப்பரே அல்ல. அச்சகங்களில் ஓடும் பெரிய மேப்லித்தோ ஷீட்டைக் கட்டிங் மெஷினில் லீகல் அளவுக்கு நறுக்கிய தாள். ஆப்செட் அச்சுக்கு அருமையான தாள்தான். ஆனால் லேசர் பிரிண்டருக்குள் தாள் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் உருளைகளுக்கு நடுவே நசுங்கி வெளியே வருகிறது. அதற்காகவே காப்பியர் தாளில் ஈரத்தை 4, 5 சதவீதம் அளவுக்குக் குறைத்து, ஈரம் புகாத உறையில் ஆலையிலேயே கட்டி அனுப்புகிறார்கள். நறுக்கிய கட்டுக்கு அந்த உறையும் கிடையாது.

பிரிண்டரில் போட்டதும் நடந்தவை எல்லாமே ஈரத்தின் அடையாளங்கள். எழுத்தின் நடுப்பகுதி வெளுத்து, ஓரம் மட்டும் கறுப்பாக விழுந்தது. தாள் ஈரமாக இருந்தால் மின்னேற்றம் அதில் நிற்காது; டிரம் என்னும் உருளையில் இருக்கும் டோனர் முழுதாகத் தாளுக்கு இறங்காது. வெளியே வந்த தாள் சுருண்டது. தாள் விழும் இடத்தில் வெள்ளையாக ஆவி எழுந்தது, மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. ஆபீசில் புகை என்று பயந்து சுவிட்சை அணைத்தார்கள். அது புகை இல்லை. தாளில் இருந்த ஈரம் சூட்டில் ஆவியாகி வந்தது, அவ்வளவுதான்.

சர்வீஸ்காரர் மூடியைத் திறந்து பார்த்ததோடு சரி. "ஃப்யூசர் போயிருச்சுங்க, மாத்தீரலாமுங்க" என்று கொட்டேஷன் எழுதிவிட்டார். பேப்பரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பார்ட்ஸ் மாற்றச் சம்மதிக்கும் முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். நல்ல கம்பெனியின் உறை பிரிக்காத ஏ4 ரீம் ஒன்றை அப்போதுதான் பிரித்து, ஐம்பது தாளைத் தொடர்ச்சியாக ஓடவிடுங்கள். எழுத்தும் தெளிந்து, தாள் சிக்குவதும் நின்றுவிட்டால் ஃப்யூசருக்கு ஒன்றும் இல்லை. எங்களுக்கு அப்படித்தான் ஆனது. கொட்டேஷன் குப்பைக்குப் போனது.

தாள் எங்கே சிக்குகிறது என்பதையும் கவனியுங்கள். டிரேயிலிருந்து கிளம்பும்போதே நின்றால் தாளை உள்ளே இழுக்கும் பிக்கப் ரோலரில் காகிதத் தூசி படிந்திருக்கும், அல்லது டிரேயின் பக்கத் தடுப்பு தளர்ந்திருக்கும். ரோலரை, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த, நூல் உதிராத துணியால் துடைத்துக் காயவிட்டால் போதும். நடுவில் நின்றால் தாள் சுருண்டிருக்கிறது, இல்லையென்றால் அளவு பொருந்தவில்லை. ஃப்யூசரைத் தாண்டும் இடத்தில் விசிறி மடிப்பாக நசுங்கி நின்றால் தாள் மெலிது அல்லது ஈரம். எடுக்கும்போது கரண்டை அணைத்து, சூடு ஆறவிட்டு, தாள் போகும் திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக இழுக்க வேண்டும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகவே கூடாது. டோனர் கையில் பட்டால் குளிர்ந்த தண்ணீர் மட்டும். சுடுதண்ணீர் பட்டால் ஒட்டிக்கொள்ளும்.

கட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனால் "பிரிச்ச கட்டை எடுக்க மாட்டமுங்க" என்று முடித்துவிட்டார்கள். பெட்ரோல் செலவுதான் மிச்சம். அப்புறம் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கணக்கு எளிது. கடை லீகல் 215க்கு 345 மிமீ. 500 தாள், 75 ஜிஎஸ்எம் என்றால் 2.78 கிலோ இருக்க வேண்டும். இது 2.5 கிலோவைத் தொடவில்லை. ஒன்று தாள் குறைவு, இல்லை ஜிஎஸ்எம் குறைவு. எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் நமக்கு. ஏ4 ரீமுக்கு இதே கணக்கு 70 ஜிஎஸ்எம் என்றால் 2.18 கிலோ, 75க்கு 2.34, 80க்கு 2.5. உறை எடை கொஞ்சம் கூடும். வாங்கும் இடத்திலேயே தராசில் வையுங்கள்.

வெட்டு நேரா என்று பார்க்க ஸ்கேல்கூட வேண்டாம். இருபது தாளை எடுத்துப் பாதியைப் புரட்டி மீதிப் பாதியோடு சேர்த்துத் தட்டுங்கள். மூலை பிசகினால் அந்தக் கட்டு டிரேயில் கோணலாகத்தான் ஏறும். இழை ஓட்டத்தையும், அதாவது காகித நார்கள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்பதையும் பாருங்கள். தாளில் சிறு சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் குழல் போல் சுருளும். குழல் நீளும் திசைதான் இழை ஓடும் திசை. அது தாளின் நீளவாக்கில் இருக்க வேண்டும். எங்கள் கட்டில் குறுக்கே ஓடியது.

கரூர் பக்கம் புகளூரில் டிஎன்பிஎல் காகித ஆலை, காவிரிக்கு அக்கரையில் பள்ளிபாளையத்தில் சேஷசாயி ஆலை என்று காகிதம் நம் ஊரிலேயே விளைகிறது. புகளூர் ஆலை முக்கியமாகக் கரும்புச் சக்கையில் செய்கிறது. சக்கைக்கூழா, மரக்கூழா என்பது லேசருக்குப் பொருட்டே இல்லை. ஈரம், எடை, வெட்டு, இழை, இவ்வளவுதான் அதற்குக் கணக்கு.

கடைசியில் உறை பிரிக்காத லீகல் ரீம் வேறு கடையில் கிடைத்தது. அதிலும் ஒரு கண்ணி இருந்தது. பிரிண்டர் செட்டிங்கில் 'லீகல்' என்றால் அமெரிக்க அளவு, 216க்கு 356 மிமீ. நம் கடை லீகல் 11 மிமீ குட்டை. அப்படியே அடித்தால் கீழ்வரியும் பக்க எண்ணும் போய்விடும். சில மெஷின் அளவு தப்பு என்று நின்றுவிடும். கம்ப்யூட்டரில் உள்ள பிரிண்டர் டிரைவரில் 'இந்தியன் லீகல்' இருந்தால் அதைத் தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் கஸ்டம் அளவில் 215, 345 என்று போட வேண்டும். கஸ்டம் அளவில் பல சின்ன மெஷின்கள் தானாக இருபுறம் அடிக்காது. ஒற்றைப்படைப் பக்கங்களை முதலில் அடித்து, தட்டையாக அடுக்கி ஆறவிட்டு, பிறகு இரட்டைப்படை. எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று தெரிய ஒரு தாளின் மூலையில் பென்சிலால் குறி போட்டு முதலில் ஓட்டிப் பாருங்கள். உறையில் அம்புக்குறி இருந்தால் அது காட்டும் பக்கம் முதல் அச்சுக்கு.

பிரித்து மீந்த தாளை உறையோடு மடித்துப் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சிமெண்டுத் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வேண்டாம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சி, கோவைப் பக்கத்தில் ஜன்னலோர டிரே ஒரே ராத்திரியில் ஈரம் இழுத்துவிடும். புது ரீமை பிரிண்டர் இருக்கும் அறையில் ஒரு நாள் பிரிக்காமல் வைத்துப் பிறகு பிரியுங்கள்.

இங்க்ஜெட் போட்டோ பேப்பரை லேசரில் போடவே போடாதீர்கள், பூச்சு உருகி ஃப்யூசரில் ஒட்டினால் அப்போது உண்மையாகவே மாற்ற வேண்டி வரும். பின் அடித்துப் பிடுங்கிய பழைய தாளும், ஸ்டிக்கர் உரித்த லேபிள் ஷீட்டும் அதே வகை.

பேப்பர் வாங்கும்போது பில்லில் கம்பெனி பெயர், ஜிஎஸ்எம், மிமீ அளவு மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பில்லில் இருந்தது "பேப்பர் - 1 கட்டு" மட்டும். அதை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் கேட்க முடியவில்லை.