மாம்பலத்துக்காரர், காசிமேட்டுக்காரர், வேளச்சேரிவாசி

சென்னையில் ஒருவரை அவர் இருக்கும் பகுதியை வைத்துச் சொல்ல முதலில் வாயில் வருவது ‘காரர்’. ஆனால் ‘மாம்பலம்காரர்’ என்று எழுதினால் கண்ணை உறுத்தும். ‘அம்’ என முடியும் பெயர் ‘அத்து’ வாங்கியே ஆகவேண்டும்: மாம்பலத்துக்காரர், நந்தனத்துக்காரர், ராயபுரத்துக்காரர். காசிமேடு மாதிரி ‘டு’வில் முடிந்தால் அது இரட்டிக்கும்: காசிமேட்டுக்காரர். புளியந்தோப்பு, சேத்துப்பட்டு இரண்டிலும் வல்லினம் ஏற்கெனவே இரட்டித்திருப்பதால் நடுவில் ‘க்’ போட்டால் போதும். மண்ணடிக்காரர், மயிலாப்பூர்க்காரர் என்பவற்றில் சிக்கலே இல்லை.

இடக்குப் பண்ணுவது அடையாறுதான். விதிப்படி அடையாற்றுக்காரர். பேச்சில் ‘அடையார்க்காரர்’ என்பவர்களும் உண்டு. கட்டுரையில் முதலாவதை எழுதுங்கள். ஒருவர் பேசியதை எழுதும்போது அவர் சொன்னபடியே விடுங்கள்.

‘வாசி’ வேறு சங்கதி. ஆறு மாதமாக வாடகைக்கு இருப்பவர் வேளச்சேரிவாசி ஆகலாம். அவரை வேளச்சேரிக்காரர் என்று சொல்ல அந்தத் தெருவுக்கே மனம் வராது. “வேளச்சேரில இருக்கார்” என்றுதான் சொல்வார்கள். வீட்டை மாற்றிக்கொண்டு தாம்பரம் போய்விட்ட ராயபுரத்துக்காரரோ, கடைசிவரை ராயபுரத்துக்காரர்தான். செய்தி எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது பெரிய பிழை.

சில பெயர்களுக்கு இரண்டாம் பொருளும் ஏறிவிட்டது. ‘கோடம்பாக்கத்துக்காரர்’ என்றால் சினிமாக்காரர் என்றே காதில் விழும். ‘சௌகார்பேட்டைக்காரர்’ என்றால் வடநாட்டு வியாபாரி. அங்கே பிறந்து வளர்ந்த மற்றவர்களைச் சொல்லும்போது “கோடம்பாக்கத்தில் குடியிருப்பவர்” என்று பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது.

‘காரன்’ என்பதை ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் பெருமை, அடுத்தவர் சொன்னால் அதட்டல். ‘காரி’ அதைவிடக் கடுமை. பெண்களையும் ‘காரர்’, ‘காரங்க’ என்றே சொல்லலாம். ‘மயிலாப்பூர்க்கார அம்மா’ என்பதும் இயல்பாக வரும். ‘மயிலை’ என்ற சுருக்கம் சம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்திலேயே இருக்கிறது. அதோடு ‘காரர்’ ஒட்டாது. மயிலையார், மயிலைவாசி என்றால்தான் பொருந்தும்.

‘குப்பத்துக்காரர்’ என்ற சொல்லில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். இந்தக் கடற்கரையில் குப்பம் என்பது மீனவர் ஊர். வெளியாள் வாயில் அது வசவாகிவிட்டது. ஆகவே ஊர்ப்பெயரை முழுசாகச் சொல்லுங்கள்: நொச்சிக்குப்பத்துக்காரர்.