மின்ட் மிட்டாய் வாங்கப் போனவன்

எங்கள் நூலகத்தின் பதின்பருவ வாசிப்புக் குழுவில் பிள்ளைகள் பெரும்பாலும் புத்தகத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு பீட்சா பெட்டி பக்கம் நகர்ந்துவிடுவார்கள். ‘மான்ஸ்டர்’ நாவல் வாசிக்கும் மாதத்தில் மட்டும் பீட்சா ஆறிப்போகும். “அவன் கடைக்குள்ள போனானா, இல்லையா?” என்று யாராவது ஆரம்பித்தால் போதும், அன்றைக்கு நூலகம் மூடும் நேரம்வரை வேறு பேச்சு கிடையாது.

நான் நியூ ஜெர்சியில் ஒரு பொது நூலகத்தில் பதின்பருவத்தினர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். புத்தகம் வாங்குவது, அடுக்குவது, பரிந்துரைப்பது எல்லாம் வேலையின் ஒரு பாதிதான். மறு பாதி, பிள்ளைகள் சொல்வதைக் கேட்பது. ஒரே புத்தகத்தைப் பல குழுக்கள் வாசித்து, அவர்கள் சொல்வதை அருகிலிருந்து கேட்கிற வாய்ப்பு இந்த வேலையில் கிடைக்கிறது. அப்படி நான் அதிகம் கேட்டது இந்த நாவலைப் பற்றித்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வால்டர் டீன் மையர்ஸ் எழுதி 1999இல் வந்த நாவல். பதின்பருவ இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருது 2000இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதை வாங்கியது இதுதான். ஹார்லெமில் வளர்ந்தவர் மையர்ஸ். நூறு புத்தகங்களுக்கு மேல் எழுதினார். எங்களுக்குப் பக்கத்தில் ஜெர்சி சிட்டியில் வாழ்ந்து 2014இல் காலமானார். கதை இது: ஹார்லெமில் ஒரு மருந்துக்கடையில் கொள்ளை. கடைக்காரரின் துப்பாக்கியே திரும்பி அவரைக் கொன்றுவிடுகிறது. உள்ளே போன இருவரில் ஒருவனான கிங்கோடு சேர்த்து, ஸ்டீவ் ஹார்மன் என்ற 16 வயதுக் கறுப்பினப் பையனும் குற்றவாளிக் கூண்டில். இவன் முன்கூட்டியே உள்ளே போய், ஆள் இருக்கிறதா என்று நோட்டம் பார்த்தான் என்பது அரசுத் தரப்பின் வாதம். ஸ்டீவ் பள்ளியின் திரைப்படக் குழுவில் இருப்பவன். சிறையில் பைத்தியம் பிடிக்காமல் இருக்க, தன் வழக்கையே திரைக்கதையாக எழுதுகிறான். நடுநடுவே கையெழுத்து போன்ற எழுத்துருவில் நாட்குறிப்பு வருகிறது.

இந்த வடிவத்தைப் பற்றித்தான் முதல் கருத்து வரும். “இது கதையா, ஸ்கிரிப்டா? ஒட்டவே மாட்டேங்குது” என்று கட்டுக் கட்டாக நாவல் வாசிக்கும் பிள்ளைகள் குறைப்பட்டுக்கொள்வார்கள். புத்தகம் என்றாலே பத்தடி தள்ளி நிற்கும் பையன்கள்தான் இதை ஒரே மூச்சில் முடிப்பார்கள். பக்கத்தில் வெள்ளை இடம் நிறைய, வசனம் சின்னச் சின்னது, காட்சி சட்சட்டென்று மாறும். எனக்கு இரண்டாவது கட்சிதான் பிடித்திருக்கிறது, அதற்குக் காரணமும் உண்டு. தன்னைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் ‘ஸ்டீவ் நடந்து வருகிறான், ஸ்டீவ் உட்காருகிறான்’ என்று வேறு யாரையோ சொல்வதுபோல் எழுதுகிறான் அந்தப் பையன். நெருங்கிப் பார்க்க முடியாத ஒன்றை கேமராவை வைத்துத் தள்ளி நின்று பார்க்கிறான். ஒட்டவில்லை என்று குறைப்பட்ட பிள்ளைகள் அந்த விலகலைச் சரியாகத்தான் உணர்ந்திருக்கிறார்கள், குறையாக உணர்ந்திருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். இதை நான் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. அவர்களாக வந்து சேர்ந்தால் அதன் ருசியே வேறு.

அப்புறம்தான் மின்ட் மிட்டாய் வரும்.

ஒரு குழுவில் ஒரு பெண், பத்தாம் வகுப்பு. வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. புத்தகம் முழுக்க மஞ்சள் ஸ்டிக்கி நோட்டாக ஒட்டி வைத்திருந்தாள். மற்றவர்கள் “பாவம், அவன் ஒண்ணும் பண்ணலை” என்று ஒருமனதாக முடிவுகட்டுகிற நேரத்தில், இரண்டு பக்கங்களை விரல் வைத்துப் பிடித்துக்கொண்டு மேசை நடுவே நீட்டினாள். ஒரு பக்கத்தில் ஸ்டீவ் சாட்சிக் கூண்டில் நின்று, அன்றைக்குத் தான் அந்தக் கடைக்குள் போகவே இல்லை என்று சத்தியம் செய்து சொல்கிறான். இன்னொரு பக்கம் அவன் நாட்குறிப்பு. அதில், மின்ட் மிட்டாய் பார்க்கத்தானே உள்ளே போனேன், வெளியே வந்தேன், அதில் என்ன தப்பு என்று தனக்குத்தானே எழுதியிருக்கிறான். “ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்?” என்று கேட்டாள்.

மேசையே அமைதியாகிவிட்டது. எல்லோரும் அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்துக் கடந்து வந்தவர்கள்தான். பையன் மேல் பாசம் வந்துவிட்டதால் யார் கண்ணிலும் அது படவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். “அப்போ பொய் சொன்னான், குற்றவாளிதான்” என்று பாதிப் பேர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். சாயாத ஒரு பையன் கேட்டான்: “நாட்குறிப்பு ஜூரிக்குத் தெரியாதே?” சரியான கேள்வி. ஜூரி என்றால் வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு சொல்ல உட்காரும் சாதாரணக் குடிமக்கள். வாசகராகிய நமக்கு அவர்களைவிட அதிகம் தெரியும். பையனின் கனவு தெரியும், பயம் தெரியும், தம்பி மேல் அவன் வைத்திருக்கும் பாசம் தெரியும், மின்ட் மிட்டாயும் தெரியும். இத்தனை தெரிந்தும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. ஜூரியோ இதில் எதுவுமே தெரியாமல் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். நான் நம்புவது ஒன்று, நிரூபணமானது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் இடையில் பிள்ளைகளைக் கொஞ்ச நேரமாவது உட்காரவைக்கிற புத்தகம் என் அலமாரியில் இதுபோல் வேறில்லை. இதை வருடா வருடம் நான் எடுத்துக் கொடுப்பதும் அதற்காகத்தான்.

கிங்கோடு கடைக்குள் போன இன்னொருவனான போபோ தண்டனைக் குறைப்புக்கு ஒப்புக்கொண்டு சாட்சி சொல்ல வருவான். உள்ளே யாராவது இருந்தால் ஸ்டீவ் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு, அவன் வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை, அதனால் போகலாம் என்று எடுத்துக்கொண்டோம் என்பது அவன் வாக்குமூலம். இந்த இடத்தில் பிள்ளைகள் கொதிப்பார்கள். ஒன்றும் சொல்லாமல் நடந்துபோனதற்குக் கொலைக் குற்றமா? கொள்ளையின்போது ஒரு உயிர் போனால், சுட்டவன் மட்டுமல்ல, அந்தக் கொள்ளையில் பங்குள்ள எல்லோர் மேலும் கொலை வழக்கு போடலாம் என்பது நியூயார்க் சட்டம் என்று விளக்குவேன். கதையில் ஸ்டீவுக்கு முன் நிற்பது 25 ஆண்டு முதல் ஆயுள்வரை. அதுவும் பெரியவர்களோடு ஒரே சிறையில். கதை நடக்கும் காலத்தில் அந்த மாநிலத்தில் 16 வயது ஆகிவிட்டால் குற்றவியல் நீதிமன்றத்தின் கண்ணுக்குப் பெரியவன்தான். 2017இல்தான் சட்டம் மாறியது. 2018 அக்டோபரிலிருந்து 16 வயதினருக்கும், அடுத்த ஆண்டிலிருந்து 17 வயதினருக்கும் அமலானது. கொலை போன்ற வழக்குகள் இப்போதும் சிறார் வழக்காகச் சுலபத்தில் மாறிவிடுவதில்லை. என் முன்னால் உட்கார்ந்திருக்கும் முகங்களுக்கு அதே வயது. இதைச் சொல்லும்போது அவர்கள் தங்கள் வயதைக் கணக்குப் போடுவது கண்ணிலேயே தெரியும்.

சட்டத்தை ஆதரிப்பவர்களும் குழுவில் இருப்பார்கள், அவர்களையும் பேசவிடவேண்டும். “கடைக்காரரைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கிறீங்க” என்று ஒரு பையன் ஒருமுறை கோபப்பட்டான். அவன் அப்பா கடை வைத்திருப்பவர். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. செத்துப்போன நெஸ்பிட், நாவலில் பெரும்பாலும் ஒரு புகைப்படமாகவும் சாட்சியங்களில் ஒரு பெயராகவும்தான் வருகிறார். கொலை வழக்கில் செத்தவர் எப்படி மெல்ல மறைந்துபோகிறார் என்பதைப் பதினைந்து வயதுப் பையன் பிடித்துவிட்டான். எத்தனையோ விமர்சனங்களில் நான் பார்க்காத கருத்து அது.

ஸ்டீவுக்காக வாதாடும் வழக்கறிஞர் கேத்தி ஓ'பிரையனைப் பற்றிய கருத்துகளில் இரண்டு காட்சிகள் மாறி மாறி வரும். முதலாவது காகிதக் கோப்பைக் காட்சி. ஸ்டீவைச் சாட்சி சொல்லத் தயார்செய்ய ஒரு பயிற்சி வைக்கிறார். கேள்வி கேட்பார், பதில் பிடித்திருந்தால் கோப்பை நிமிர்ந்திருக்கும், பிடிக்கவில்லையென்றால் கவிழ்த்துவிடுவார். நான் ஒரு காகிதக் கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “யாராவது ஓ'பிரையனா இருங்க, யாராவது ஸ்டீவா இருங்க” என்பேன். கிங்கை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நண்பன் என்றால் கோப்பை கவிழும். பேட்டையில் பார்த்த முகம் என்றால் நிமிரும். நாலைந்து கேள்விக்குள் ஸ்டீவாக இருக்கும் பிள்ளை, உண்மை என்ன என்பதை விட்டுவிட்டுக் கோப்பையையே பார்த்துப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடும். “இது பொய் சொல்லக் கத்துக்கொடுக்கறது” என்று ஒரு கட்சி. “உண்மையைத் திக்காம சொல்லவும் பயிற்சி வேணும்ல” என்று இன்னொரு கட்சி. கோர்ட்டை சினிமாவில் மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கும் அந்தக் கோப்பை பெரிய படிப்பு. நாங்கள் பார்த்த கோர்ட்டில் நாயகன் நாலு பக்க வசனம் பேசினால் உண்மை ஜெயித்துவிடும். இங்கே பேச்சை வெட்டி, தைத்து, இஸ்திரி போட்டுத்தான் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

இன்னொரு சாட்சியை நான் விடவே மாட்டேன். லொரெல் ஹென்றி, ஓய்வுபெற்ற பள்ளி நூலகர். பேத்திக்கு இருமல் மருந்து வாங்கக் கடைக்குப் போனவர், கிங்கை அடையாளம் காட்டுகிறார். ஒரு கறுப்பின இளைஞனுக்கு எதிராகச் சாட்சி சொல்வது தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லியே சாட்சி சொல்கிறார். பிள்ளைகள் அவரைச் சட்டென்று கடந்துவிடுவார்கள். நான் நிறுத்தி வாசிக்கச் சொல்வேன். என் தொழில்காரர் என்ற பாசமும் இருக்கிறது, மறைப்பானேன். சங்கடத்தையும் சொல்லி, பார்த்ததையும் சொல்லிவிட்டு இறங்கும் மனுஷி அவர் ஒருவர்தான் என்று எனக்குப் படுகிறது.

பெரியவர்களின் கருத்தும் வரும், சில சமயம் புகாராக. நம் ஊர்க்காரர் ஒருவர் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டார்: “மேடம், பையனுக்குப் பதினாலு வயசுதான் ஆகுது. ஜெயிலு, கொலைன்னு இதெல்லாம் நீங்களே எடுத்துக் குடுக்கலாமா?” சில பள்ளி மாவட்டங்களில் இந்த நாவலுக்கு எதிர்ப்பு வந்ததுண்டு என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. “தப்பா நினைச்சுக்காதீங்க சார், நீங்க ஒரு தடவை வாசிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்” என்று இன்னொரு பிரதியைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது சிறைக்கதை பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. “பையன் விடுதலையாகி வந்த பிறகும் அவங்கப்பா ஏன் வீட்டை விட்டுப் போனாரு?” என்றுதான் கேட்டார். மகன் பெரிய கல்லூரிக்குப் போவான் என்று கனவு கண்ட தகப்பன், சிறையில் அவனைப் பார்க்க வந்து உடைந்து அழுவார். வழக்கு முடிந்த பிறகு, இவன் யார் என்றே புரியாதவராகத் தள்ளிப் போய்விடுவார். “தீர்ப்பு வந்துருச்சே மேடம், அப்புறம் என்ன சந்தேகம்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிள்ளைகள் யாரும் அந்த அப்பாவைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதில்லை. அவர் மகன் குழுவில் தொடர்ந்தான்.

முதியோர் வாசிப்புக் குழுவிலும் ஒருமுறை இதை வைத்தோம். அவர்களுக்கு ‘போனானா இல்லையா’ பெரிய விஷயமாகவே படவில்லை. முன்பு ஜூரியில் உட்கார்ந்த ஒருவர் இருந்தார். அவருடைய ஒரே குறை, ஜூரி அறைக்குள் நடப்பதை மையர்ஸ் காட்டவில்லை என்பது. “முக்கால்வாசி வழக்கு அங்கதான் நடக்குது” என்றார். யோசித்தால், காட்டாததுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. கூண்டில் இருப்பவனுக்கு அந்தக் கதவு மூடியேதான் இருக்கும். அவன் எழுதும் திரைக்கதையில் அது எப்படித் திறக்கும்?

ஓ'பிரையனைப் பற்றிய இரண்டாவது காட்சி தீர்ப்பு. கிங் குற்றவாளி, ஸ்டீவ் விடுதலை. அவன் கையை விரித்துக்கொண்டு ஓ'பிரையனைக் கட்டிக்கொள்ளப் போகிறான். அவர் முகம் இறுகி, தன் காகிதங்களை அள்ளிக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறார். மாதக்கணக்கில் ஆகியும் தன்னிடம் அவர் எதைப் பார்த்தார் என்று அவன் தேடிக்கொண்டிருக்கிறான். இதைப் பற்றி எனக்குக் கிடைத்த கருத்துகளைச் சேர்த்தால் தனிப் புத்தகமே போடலாம். அவன் பொய் அவருக்குத் தெரியும் என்பார்கள். அவர் வெள்ளைக்காரர், கேஸ் முடிந்தது, பையன் முடிந்தான் என்பார்கள். சோர்ந்துபோயிருப்பார், அவ்வளவுதான் என்பார்கள்.

என் கருத்தைக் கடைசியில்தான் சொல்வேன், முன்னால் சொன்னால் பிள்ளைகள் அதையே பிடித்துக்கொள்வார்கள். கடந்த முறை விடாமல் கேட்டார்கள். சொன்னேன். ஜூரியில் நான் இருந்திருந்தால் அவனை விடுதலைதான் செய்திருப்பேன், சாட்சியம் அவ்வளவுதான் தாங்கும். அவன் கடைக்குள் போனான் என்றும் நம்புகிறேன். என்ன நினைத்துப் போனான் என்பது அவனுக்கே முழுதாகத் தெரியாது. ஓ'பிரையனுக்கும் தெரியாது, தெரியாத ஒருவனுக்காக அத்தனை நாள் வாதாடியிருக்கிறார். அதனால்தான் கட்டிக்கொள்ள முடியவில்லை.

“இது ரெண்டு பக்கமும் பேசறது” என்று ஸ்டிக்கி நோட் பெண் முகத்தைச் சுளித்தாள். கடைக்காரர் மகனுக்கும் திருப்தியில்லை. ஆனால் கிளம்பும்போது, இதே ஆசிரியர் சிறார் காப்பகத்தில் இருக்கும் பையனைப் பற்றி 2010இல் எழுதிய ‘லாக்டவுன்’ இருக்கிறதா என்று கேட்டான். ஒரு பிரதிதான் இருந்தது, அதை அவன் பெயரில் பதிந்து கொடுத்தேன். அவளுக்கு வேறு கிளை நூலகத்திலிருந்து வரவழைக்கப் பதிவு போட்டிருக்கிறேன். இரண்டு பேரும் முடித்துவிட்டால் அடுத்த மாதக் கூட்டத்தை அதை வைத்தே தொடங்கலாம்.