சுங்குடியை எந்தப் பெயரில் தேடுகிறார்கள்?

சித்தி கையால் முடிச்சுப் போட்டுத் தரும் மதுரை சுங்குடிச் சேலைகளை இன்ஸ்டாகிராமில் விற்கத் தொடங்கியபோது, எல்லாப் படத்துக்கும் ஒரே ஹேஷ்டேக் (# போட்டு எழுதும் தேடல் சொல்) தொகுப்பைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன். சேலை, ஃபேஷன், காட்டன் என்று அப்போது அனுமதித்த 30 இடத்தையும் நிரப்பிவிடுவேன். அந்தப் பெரிய ஹேஷ்டேக்குகளில் நிமிடத்துக்கு நிமிடம் புதுப் படங்கள் வந்து விழுவதால் எங்கள் சேலை உடனே கீழே போய்விடும். ஒரு மாதம் ஆகியும், பார்த்தவர்கள் தெரிந்தவர்கள் மட்டும்தான்.

சரி, போடுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நாள் தேடிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது எழுத்துதான். ஆங்கிலத்தில் சுங்குடியை எழுத ஒரே முறை இல்லை. சிலர் எஸ் போட்டுத் தொடங்குகிறார்கள், சிலர் சி-ஹெச் போடுகிறார்கள். நடுவில் சிலருக்கு யு, சிலருக்கு ஏ, சிலருக்கு ஐ. தேடல் பெட்டியில் ஒவ்வொன்றையும் தட்டினால் பக்கத்திலேயே எத்தனை பதிவுகள் என்று காட்டும். எண்ணிக்கையைவிட உள்ளே இருந்த படங்கள்தான் எனக்கு உதவின. ஒவ்வொன்றிலும் முதல் இருபது பதிவுகளைத் திறந்து, கூடவே வந்த மற்ற ஹேஷ்டேக்குகளை ஒரு நோட்டில் எழுதினேன்.

கீழே இருந்த கமெண்டுகளையும் அப்படியே எழுதிவைத்தேன். "சாயம் போகுமா?", "கஞ்சி போடணுமா?", "பிளவுஸ் துணி சேர்த்தா?", "ஆபீஸுக்குக் கட்டலாமா?" வாங்குகிறவர் வாயில் இருக்கும் சொற்கள் இவை. விற்கிறவர்கள் போட்ட ஹேஷ்டேக்குகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து படத்துக்குக் கீழே எழுதும் முதல் இரண்டு வரியில் இந்தக் கேள்விகளுக்கான பதில் வரும்படி பார்த்துக்கொள்கிறேன்.

நோட்டைப் புரட்டியபோது இன்னொன்று உறுத்தியது. சுங்குடி என்ற ஹேஷ்டேக்குக்குள் வந்தவற்றில் பெரும்பாலானவை அச்சடித்த புள்ளிகள். சித்தியின் சேலையில் புள்ளிகளுக்காகப் போட்ட ஆயிரக்கணக்கான முடிச்சுகள். சாயம் முக்கி, காயவைத்து, அப்புறம்தான் நூலை அவிழ்ப்பார். இரண்டும் ஒரே பெயரில் ஒன்றாகக் கிடந்தால் விலை வித்தியாசம் வாங்குகிறவருக்கு எப்படிப் புரியும்? பாந்தனி என்று போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று ஒரு தோழி சொன்னார். அது குஜராத், ராஜஸ்தான் பக்கத்துக் கைவேலை. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் முறை ஒன்றானாலும் பெயர் அவர்களுடையது. இந்த ஊருக்கே உரிய பொருள் என்று பதிவு செய்யும் புவிசார் குறியீடு மதுரை சுங்குடிக்கு 2005-லேயே கிடைத்திருக்கிறது. சொந்தப் பெயர் இருக்கும்போது இன்னொருவர் பெயரில் விற்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் 'கைமுடிச்சு சுங்குடி' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரித்துப் போட்டேன். பாதி முடிச்சு அவிழ்த்த, துணி இன்னும் சுருங்கிக் கிடக்கும் படத்தைச் சேர்த்தேன். பார்க்கிறவர் எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை. ஆனால் விலை கேட்டுவிட்டுப் போகாமல், எத்தனை நாள் வேலை என்று கேட்பவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

படங்களைத் தேடிச் சேர்த்துவைக்கும் தளமான பின்ட்ரஸ்டில் கதை வேறு. அங்கே ஹேஷ்டேக்கைவிடத் தலைப்பும் விவரமும், படங்களைத் தொகுத்து வைக்கும் போர்டின் பெயரும்தான் வேலை செய்கின்றன. ஒரு சொல்லைத் தட்டினால் அடுத்து என்ன தேடலாம் என்று அதுவே எடுத்துக் கொடுக்கும். சேலை என்று ஆரம்பித்தால் நிறம், பிளவுஸ் டிசைன், விசேஷம் என்று போகிறது. இன்ஸ்டாகிராமில் சேகரித்த சொற்களை இங்கே ஒருமுறை தட்டிப் பார்த்து, இரண்டு இடத்திலும் நிற்பவற்றுக்கு மட்டும் நோட்டில் வட்டம் போடுகிறேன்.

இப்போது ஒரு படத்துக்கு நான்கைந்து ஹேஷ்டேக்தான். போன வாரம் ஒருவர் சுங்குடி என்ற சொல்லே தெரியாமல், "புள்ளி வச்ச மதுரை காட்டன் இருக்கா?" என்று கேட்டார். அதுவும் நோட்டில் ஏறிவிட்டது. அடுத்து வைக்கப்போகும் போர்டுக்கு அதுதான் பெயர்.