நோட்டில் எழுதிய பெயர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், ஜெராக்ஸ், பிளெக்ஸ். யார் இறந்தாலும் போட்டோ எனக்கு வந்துவிடும். ஆட்கள் துக்கத்தை எப்படிக் காட்டுவார்கள் என்பது ஓரளவு பழகிய விஷயம். 2017 ஒக்கி புயலில் பார்த்தது வேறு.

நவம்பர் 30 அன்று எங்கள் பக்கம் ரப்பரும் வாழையும் முறிந்து, மின்கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கடலில் நடந்தது எங்களுக்கு மெதுவாகத்தான் தெரியவந்தது. தெரிந்ததும் டீக்கடையில் காதில் விழுந்த முதல் பேச்சு, "புயல் வருதுண்ணு தெரிஞ்சும் இவனுவ எதுக்கு கடலுக்குப் போனானுவ?"

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்ற கடற்கரை ஊர்களின் மீனவர்களில் பலர் சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் ஏற்கெனவே வெகுதூரத்தில் இருந்தார்கள். அங்கே செல்போன் எடுக்காது, ஒயர்லெஸ்ஸும் கரைவரை எட்டாது. இதைச் சொன்னேன். "இருந்தாலும்..." என்று இழுத்தார் ஒருவர். பழியைப் போனவன் தலையில் போட்டுவிட்டால் நமக்கு இப்படி எதுவும் வராது என்று ஒரு நிம்மதி போலிருக்கிறது.

கடையில் வாடகை ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து இரண்டு பையன்கள் ஒரு நோட்டோடு வந்தார்கள். சர்ச் பங்கில் வீடு வீடாகப் போய் எழுதியது. பெயர், அப்பா பெயர், வயசு, போட்டு (படகு) நம்பர், எங்கிருந்து புறப்பட்டது, கடைசியாகப் பேசிய நாள். காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசு ஒன்று சொல்ல, ஊர் ஒன்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். மூத்தவன் வாசிக்க நான் அடித்தேன். ஒரே போட்டில் அண்ணன், தம்பி, மச்சான். நடுவில் போன் வரும், லட்சத்தீவில் ஒரு போட்டு ஒதுங்கியிருக்கிறது என்று. அந்தப் பெயர்களை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "எடுக்காண்டாம்ணே, பக்கத்துல 'வந்தாச்சு'ண்ணு போடுங்க." மற்ற போட்டுகளைக் கடைசியாக எங்கே பார்த்தார்கள் என்று அவர்களிடம்தானே விசாரிக்க வேண்டும் என்றான்.

ஊரே அழுதுகொண்டிருக்கும்போது யாரோ ஒருவருக்கு நோட்டில் கோடு போட்டு உட்காரத் தோன்றியிருக்கிறது. சொந்த போட்டில் டீசல் அடித்துத் தேடப் போனவர்களும் இதே கடற்கரைக்காரர்கள்தான்.

டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடுங்கள், முதலமைச்சர் நேரில் வரட்டும் என்று கேட்டார்கள். ரயில் நின்ற எரிச்சலில் பேசியவர்களும் உண்டு, குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் உண்டு. ஒரே தெருவில் இரண்டு வகையும் இருந்தது.

அப்புறம் தலைவர்கள் வரத் தொடங்கினார்கள். முதலமைச்சர் வந்தார், 19ஆம் தேதி பிரதமர் வந்தார். எனக்கு ஆர்டர் குவிந்தது. ஒரு கட்சிக்காரர் கொடுத்த டிசைனில் தலைவர் ஆளுயரத்துக்கு நிற்கிறார், சுற்றிலும் உள்ளூர் நிர்வாகிகளின் முகம், கீழே ஒரு ஓரத்தில் கடலில் போனவர்களின் படம் ஸ்டாம்ப் சைசில். "முகமே தெரியலையே?" என்றேன். "அப்பம் அதை எடுத்துட்டு 'கண்ணீர் அஞ்சலி'ண்ணு மட்டும் போடுங்க" என்றார். அடித்துக் கொடுத்தேன். தொழில்.

அந்தப் பையன்கள் மறுபடி வந்தது மனு அடிக்க. கடலில் காணாமல் போனவரை இறந்தவராகக் கணக்கில் எடுக்க சட்டப்படி 7 வருடம் ஆக வேண்டும். உடல் கிடைக்காத வீட்டில் அதுவரை என்ன செய்வது? பிறகு அரசு அதைத் தளர்த்தி அந்தக் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. சரி, நல்ல காரியம். ஆனால் இப்போதும் கல்யாண வீட்டுப் பந்தியில் ஒக்கி என்று பேச்செடுத்தால், "அவளுக்கென்ன, 20 லட்சம் கிடைச்சுல்லா" என்று சொல்ல ஓர் ஆள் இருப்பார். அதில் போட்டுக் கடனுக்கும் வட்டிக்கும் எவ்வளவு போனது என்று கேட்டால், சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.